சிங்கத்துக்கு எந்தப் பக்கம்

ஹெல்மரோட,
14 நவம்பர் 1976

அன்புள்ள ரோஸ்வித்தா அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானின் கப்பல் மார்ச்சில்தான் திரும்பும் என்று எழுதியிருந்தாய். இங்கே பீட்ரூட் அறுவடை முடிந்துவிட்டது. அப்பாவின் முட்டி பரவாயில்லை. பிரசவத்துக்கு நீ ஜனவரியில் வருவாய் என்று அம்மா அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறாள்.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். புத்தாண்டில் நம் மாவட்டத்தையும் மலைக்கு அந்தப் பக்கத்து புர்க்சீல மாவட்டத்தையும் ஒன்றாக்குகிறார்கள். புதுச் சின்னம் ஒரு கேடயம்; அதில் நம் சிங்கமும் அவர்களுடைய ஆலைச் சக்கரமும். இரண்டு நாள் கூட்டம் அதற்கே போனது. கூட்டக் குறிப்பு எழுதியது நான்.

கேடயத்தில் வலப்பக்கம்தான் மரியாதையான இடம். அது நமக்குக் கிடைத்தால் நம் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் பேரம் முடித்தார்கள். மாவுமில் கெட்டல்ஹாகேதான் முன்னால் நின்றார். பின்வரிசையில் இருந்த மருத்துவச்சி டோன்னீஸ் அம்மா எழுந்து கேட்டாள்: "ஏன்யா, சிங்கமா வந்து தொப்புள்கொடி அறுக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கை தூக்கினார்கள். வார்டுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இதில் ஒன்று இருக்கிறது, அக்கா. கேடயத்தின் வலம் என்பது அதைப் பிடித்து நிற்பவனின் வலம், பார்ப்பவனுடையது அல்ல. வாக்கெடுப்புக்கு வைத்த படத்தில் சிங்கம் பார்க்கிற நமக்கு வலது கைப் பக்கம் இருந்தது. அதாவது, கீழான இடம். புர்க்சீலக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் தெரியும். வாக்கெடுப்புக்கு முன் எழுந்து சொல்லியிருந்தால் பேரம் அங்கேயே உடைந்திருக்கும். ஜனவரியில் மாவட்ட அலுவலகத்தில் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தேன்.

முடிந்த பிறகு கெட்டல்ஹாகேயிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போவுது தம்பி? குறிப்பை எழுதற வேலையைப் பாரு" என்றார். அவருடைய மருமகள்கள் ஹானோவரில் பிள்ளை பெற்றுக்கொள்கிறவர்கள்.

புத்தாண்டு முதல் நமக்கு மிக அருகிலுள்ள பிரசவ வார்டு புர்க்சீலயில். நாற்பத்தொரு கிலோமீட்டர். ஜனவரிப் பனியில் மலைப்பாதை எத்தனை நாள் திறந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

அதனால் நீ வராதே. ஹாம்பர்க்கிலேயே இரு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அம்மாவை ரயிலேற்றி விடுகிறேன். மாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் காரணம் பனி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

சுகமாகப் பெற்றெடு, அக்கா. என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி,
டெட்லெஃப்