காலையில வரேன், நிலா

மச்சான்,

இன்று மாலை பாப்பாவின் பேச்சுப்போட்டிச் சான்றிதழை லேமினேஷன் செய்ய ராஜகீழ்ப்பாக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதுமே, நீ பக்கத்தில் நின்று கடைக்காரரை அவசரப்படுத்துவது போலிருந்தது. அவர் தாளை மெஷினுக்குள் விட்டபடியே, "இன்னா சார், பல்லி சார் எங்க கீறாரு? இந்தப் பக்கமே காணோம்" என்றார். உன் பேர் அவருக்குத் தெரியாது. நம் புத்தகத்தை லேமினேட் செய்து கொடுத்த நாளிலிருந்து நீ அவருக்குப் பல்லி சார்தான்.

நான் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது, "வருவாரு." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்கே என் மேல் எரிச்சல்.

பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஈவினிங் ஷிப்ட் என்பதால், தூங்கவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. என் தம்பி வெளிநாட்டிலிருந்து ஓர் ஆங்கிலப் படப்புத்தகம் அனுப்பியிருந்தான். அறையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும், வெளியே நிலாவுக்கும் குட் நைட் சொல்லிக்கொண்டே போனால் குழந்தை தூங்கிவிடுமாம். பல தலைமுறைகளைத் தூங்கவைத்த புத்தகமாம். என் மகள் முதல் பக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த ரூமில் ஃபேன் எங்கே, ஃபேன் இல்லாமல் எப்படித் தூங்குவார்கள் என்று கேட்டாள். நான் குட் நைட் என்று வாசித்தபோதெல்லாம் ஓடிப்போய் பிளக்கில் செருகியிருந்த அதே பெயருள்ள கொசு மருந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்குப்பா, இன்னும் தீரல" என்று தகவல் சொன்னாள். நம் ஏரியாக் குழந்தைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் தெரியும்?

எதிர் வீட்டிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நீதான், நம் ஊருக்கு நாமே ஒன்று போட்டுவிடலாம் என்றாய். நான் எழுத வேண்டும், நீ வரைய வேண்டும். பள்ளியில் விலங்கியல் எடுப்பவன், தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைபவன் என்று நானும் நம்பினேன். உனக்கு மனித முகம் வரவே வராது என்பது பிறகுதான் தெரிந்தது. நீ வரைந்த பாப்பாவைப் பார்த்து என் பாப்பா அழுதேவிட்டாள். அதன்பின் புத்தகம் முழுக்க அந்தக் குழந்தை, சித்திரை மாதப் புழுக்கத்திலும் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

ஆனால் பல்லி அபாரம். ட்யூப்லைட் ஓரத்தில், காலண்டருக்குப் பின்னால், தண்ணீர் கேன் மூடியில் என்று பக்கத்துக்கு ஒரு பல்லி, அச்சு அசலாக. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டு 'வால்', 'ஒட்டும் விரல்கள்' என்று எழுதிவைத்தாய். தூங்கவைக்கிற புத்தகத்தில் இது எதற்கடா என்றால், பாகம் குறிக்காத படத்துக்குப் பாதி மார்க்தான் என்றாய். பாப்பா அதை எங்கள் வீட்டு இரவு ஜெபத்திலும் சேர்த்துக்கொண்டாள். அப்பா, அம்மா, அங்கிள், ஒட்டும் விரல்கள் என்று வரிசையாக எல்லோரையும் ஆண்டவரிடம் ஒப்படைத்தாள்.

குட் நைட்டுக்குத் தமிழ் என்ன என்பதில்தான் நாம் மல்லுக்கட்டினோம். 'இனிய இரவு' என்றேன். முதலிரவு அறைக்கு வெளியே மாட்டுகிற போர்டு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாய். 'இரவு வணக்கம்' உன் யோசனை. டிவியில் செய்தி முடிந்த மாதிரி இருந்தது. 'தூங்கு நிலாவே' என்றதற்குப் பாப்பாவே முறைத்தாள், நிலாவையும் மிரட்டுகிறீர்களா என்று.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவள் தூங்காததற்கு வேறொரு காரணம் இருப்பது தெரிந்தது. நீ எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்" என்பாய். போவது எதிர்க் கதவுக்குத்தான். ஆனாலும் 'போறேன்' என்று உன் வாயிலிருந்து வந்ததே இல்லை. மாடம்பாக்கத்தில் சின்ன வயதில் ஒருமுறை அப்படிச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினாயாம். ஒருநாள் நீ போன பிறகும் பாப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுக்க வா என்று கூப்பிட்டேன். "அங்கிள் வரேன்னு சொன்னாருப்பா, இன்னும் வரல" என்றாள். அத்தனை நாளும் அவள் உனக்காகத்தான் விழித்திருக்கிறாள், மச்சான். நான் அநியாயமாகப் புத்தகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டதும் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, வரேன் என்றால் இப்போதே இல்லை, காலையில் வரேன் என்று அர்த்தம் என்றாய். "அப்ப அதையும் சேத்து சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து சேர்த்தே சொன்னாய். தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலும் காலையில் எங்கள் கதவைத் தட்டித் தலையைக் காட்டிவிட்டுத்தான் ஓடினாய்.

புத்தகத்துக்கும் வரி கிடைத்துவிட்டது. காலையில வரேன், ஃபேன். காலையில வரேன், தண்ணி மோட்டார். காலையில வரேன், நிலா. காலையில் ஏது நிலா என்று நான் கேட்கப்போக, தேய்பிறையில் வந்து மொட்டைமாடியில் நின்று பார் என்று எகிறினாய். கடைசிப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெளுத்துப்போன ஒரு காலை நிலா. அதற்கும் அம்புக்குறி போட்டு 'நிலா' என்று எழுதியிருந்தாய். பாவம், உன் வாழ்நாளிலேயே நல்ல படம் அது. ஆனால் அந்தப் பக்கம் வரும்வரை பாப்பா விழித்திருந்ததே இல்லை.

போன வருஷம் உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு மூடுமுன் "வரேன் மச்சான்" என்றாய். 'காலையில' என்பதைச் சேர்க்கவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பா கவனித்திருக்கிறாள்.

சாவு வீட்டில் வரேன் என்று சொல்லக்கூடாது. உன் வீட்டுக்கு வந்த எல்லோரும் முறைப்படி ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினேன். உன் வாசலில் அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் நான் இறங்கியது அன்றுதான். இன்றுவரை அதைச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் பாப்பா உள்ளே பார்த்துத் தெளிவாக, "காலையில வரேன், அங்கிள்" என்றாள். உன் பெரியப்பா பதறிப்போய், "சாவு வூட்ல அப்படி சொல்லக்கூடாதும்மா" என்றார். "நான் அங்கிள்கிட்டதான் சொன்னேன் தாத்தா" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் யூனிஃபார்மோடு போய் உன் கதவைத் தட்டினாள். இன்றைக்கும் தட்டுகிறாள். உன் மனைவி இப்போது அவளுக்கென்று ஒரு தோசை கூடுதலாக வார்க்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிடாதவள் அங்கே சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம்.

ஜெராக்ஸ் கடையில் நான் உளறியதை இன்று வந்து பாப்பாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, "நீங்க இன்னும் அங்கிள்கிட்ட சொல்லவே இல்லல்லப்பா" என்றாள். அதனால்தான் இந்த மடல். நாளைக்குக் கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பாப்பாவின் சட்டம்.

வரேன் மச்சான். காலையில இல்ல. மெதுவா வரேன்.