அரை மணி நேரச் சாப்பாடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டு வலி தேவலையா? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று தம்பி போட்டுக் கொடுத்துவிட்டான். அந்த வேலையே வேண்டாம்.

இங்கே சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் சர்க்கரையாம், பதறாதீர்கள். "முப்பது வயசுல எப்படி?" என்று டாக்டரம்மா தாத்தா வரைக்கும் விசாரித்தார். பஞ்சத்தில் ஏழு வயதுத் தாத்தா தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த கதையைச் சொன்னேன்.

"சின்ன வயசுல தாத்தா பட்ட பட்டினி பேரப்பிள்ளைங்க உடம்பு வரைக்கும் வரலாம்னு சொல்றாங்க. உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

உடனே 'என்னால்தான்' என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். தாத்தா என்ன, ஆசைப்பட்டா பட்டினி கிடந்தார்? படிவத்தில் 'பரம்பரை நோய்' என்ற இடத்தில் 'பசி' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியொரு நோய் பட்டியலிலேயே இல்லை, அடித்துவிட்டு வேறு எழுது என்றார் நர்ஸ். மாட்டேன் என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து மதியம் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, முழுதாக அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

"நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டா ஆகாதா?" என்றார் சூப்பர்வைசர்.

"தாத்தாவுக்கும் சேர்த்துச் சாப்பிடறேன் சார், நேரமாகும்."

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை, என் தொப்பியைத்தான் வைக்கிறேன். அந்த நாற்காலியில் போட உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். துவைத்த துணியையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள், சூப்பர்வைசர் வாசலில் நிற்கிறார். தட்டில் இன்னும் நாலு வாய் இருக்கிறது. நிற்கட்டும்.

உங்கள் மகள்