கை தூக்காதவன் கணக்கு

என் தங்கத் தம்பி ஏழுமலைக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நல்ல சேதி ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் தோல் டேனரி கபடி டீமுக்கு இது ஐம்பதாவது வருஷம். மைதானத்து வாசலில் போர்டு வைத்து, பழைய ஆட்டக்காரர்களில் பத்துப் பேரின் பெயரைப் போடப் போவதாகச் சொன்னார்கள். பிடி ஆட்டக்காரன் என்றால் உன் பெயர்தான் வரும் என்று நினைத்தேன். இடது மூலையில் நின்று நீ கணுக்காலைப் பிடித்தால் வாலாஜாபேட்டைக்காரனோ ஆலங்காயத்துக்காரனோ, எவன் தப்பித்துப் போனான்?

செயலாளர் குமரேசன் பழைய ஸ்கோர் நோட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். போய்க் கேட்டேன்.

“ஆயா, உங்க தம்பி பன்னெண்டு வருஷம் ஆடியிருக்காரு. மொத்தமே ஒம்போது கேட்ச்தான். ஆட்டத்துக்கு எத்தனைன்னு வகுத்துப் பாத்தா ஒண்ணுமே வரல. கோதண்டம் தாத்தாதான் ஃபர்ஸ்ட்.”

கோதண்டம், உன் மச்சான். என் புருஷன்.

அந்த ஒன்பது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நோட்டு எழுதுகிறவர் கயிற்றுக்கு வெளியே தூரத்தில் உட்கார்ந்திருப்பார். பாடி வந்தவன்மேல் ஏழு பேரும் குவிந்து கிடக்கையில், முதலில் பிடித்தது யார் என்று அவருக்கு எங்கே தெரியும்? விசில் ஊதியதும் எவன் கை தூக்குகிறானோ, அவன் பெயரை எழுதிக்கொள்வார். அதுதான் இங்கே வழக்கம். நீ எல்லாருக்கும் அடியில் கிடப்பாய். வாயில் மண். இரண்டு கையும் கணுக்காலில். விசில் ஊதியும் விடமாட்டாய். மேலே விழுந்த உன் மச்சான் எழுந்து நின்று கை தூக்குவார். நீ எந்தக் கையைத் தூக்குவாய்?

ஒரு நாளாவது நோட்டுக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே? அப்போதே கேட்டேன். “வுடுக்கா, டீமுக்கு வந்த பாயிண்டுதானே” என்றாய். அதற்கு உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இன்னும் தீரவில்லை.

சரி, நோட்டு பேசினால்தான் கேட்பார்கள் என்றால் நோட்டையே பேச வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

“குமரேசா, என் தம்பி ஆடாத வருஷத்தைத் தொறந்து பாரு.”

“அது எந்த வருஷம் ஆயா?”

சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுத்து இழுத்து உன் உள்ளங்கை வெந்துபோய், சீசன் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அந்த வருஷம். என் பெரியவன் பிறந்த வருஷம். அதைச் சொன்னேன். தேடி எடுத்தார். மற்ற வருஷமெல்லாம் முப்பது, நாற்பது என்று பிடித்த உன் மச்சானுக்கு அந்த வருஷம் மூன்று. வெறும் மூன்று. குமரேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இன்னா சொல்றே?”

“புரியுது ஆயா. ஆனா நோட்டுல இருக்கற பேரைத்தான் போட முடியும். தாத்தாவே வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், மாத்திடறோம்.”

ஒரு வார்த்தை. மறுநாளே அழைத்துக்கொண்டு போனேன். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் எழுந்து நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“ஏங்க, அந்த வருஷம் மட்டும் ஏன் மூணு?”

“அந்த வருஷம் எனக்கு முட்டி வலி.”

முட்டி வலியாம்!

“பையன் பொறந்ததுக்கு ஏலகிரி மலைய நடந்தே ஏறி எறங்கினீங்களே, அது யாரு முட்டி?” என்றேன்.

“தாத்தா, ஆயாகிட்ட ரீப்ளே இருக்குது, மாட்டிக்கினீங்க” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நோட்டுல இருக்கறதுதான்பா” என்றார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இந்த வயசுல எனக்கு வேற இன்னாடி இருக்குது?”

உனக்கும் வேறு என்ன இருந்தது தம்பி? வெந்த கை இரண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை போர்டு மாட்டினார்கள். நான் போகவில்லை. மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவர் நேராக உன் படத்திடம் போனார். கழுத்து மாலையைக் கழற்றி உனக்குப் போடக் கை தூக்கினார்.

“அங்க ஒரு வார்த்தை சொல்லல. இங்க எதுக்குக் கை தூக்கறீங்க?” என்றேன்.

தூக்கிய கையை இறக்கிவிட்டார். மாலை இப்போது அவர் நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

போர்டு நல்ல கனமான இரும்பு, மழைக்கும் வெயிலுக்கும் நிற்குமாம். நான் எத்தனை நாள் நிற்பேன்? என் பிள்ளைகளே அப்பா பெயரின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் போன பிறகு உன் கணக்கு ஒன்பதுதான். அதை மாற்ற ஆள் இல்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை அந்த மூன்றை அவர் மறக்க விடமாட்டேன். விசில் ஊதினாலும் விடமாட்டேன்.

கயிற்றோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த
உன் அக்கா
முனியம்மா