மடிக்கணினி எடை குறைகிறதென்று நான் கொடுத்த புகாரின் மேல் நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
தராசு பழுதுபார்ப்பவன்
('தராசு மாமா கடை எது' என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும்),
மாடிப்படிக்குக் கீழுள்ள ஒற்றைக்கதவுக் கடை,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
எடையளவு ஆய்வாளர் அவர்கள்,
எடையளவு ஆய்வாளர் அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: மின்னணுப் பொருள் கடையின் விற்பனைப் பெண்மீது நான் கொடுத்த எடைக்குறைவுப் புகாரைத் திரும்பப் பெறுதல், அவரை மீண்டும் கவுண்டரில் அமர்த்தக் கடிதம் வேண்டுதல், என்மீதே நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சென்ற மாதம் நான் கொடுத்த பதினொரு பக்கப் புகார்.
2. அதன்பேரில் தாங்கள் கடைக்கு அனுப்பிய நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார் என்று முதற்கண் உறுதி கூறுகிறேன். என் அக்காவே நம்பவில்லை. அவள் நான் புளுகினால் மட்டும் உடனே நம்புகிறவள். ஆகவே தாங்களும் நம்ப வேண்டியதில்லை. படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

1. முதலில் நன்றி. அடியேன் இதுவரை பற்பல அலுவலகங்களுக்கு நாற்பத்தொரு மனு எழுதியுள்ளேன். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதியதற்குப் பதில் வருவதற்குள் நிலா பலமுறை அணைந்து அணைந்து எரிந்துவிட்டது. சாக்கடை மூடி கேட்ட மனுவை யாரோ சாக்கடைக்கே மூடியாகப் போட்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட உலகத்தில் என் நாற்பத்தொன்றாவது மனுவை ஒன்பதே நாளில் படித்து, பதினொரு பக்கத்தையும் படித்து, கடைக்கு நோட்டீஸும் அனுப்பிய ஒரே அதிகாரி தாங்கள்தான். தங்கள் கடித உறையைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன். என் துரதிர்ஷ்டம், நாற்பது மனுக்களில் நியாயம் இருந்தது. பலித்தது நியாயம் இல்லாத நாற்பத்தொன்றாவது. இதில் தங்கள் பிழை எள்ளளவும் இல்லை.

2. நான் பொருள் வாங்கும் முறை தாங்கள் அறிய வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு தராசோடு குடும்பம் நடத்தியவன் ஆகையால், எப்பொருளையும் நான் எடைபோட்டே வாங்குவேன். 'கனம் இருந்தா சரக்கு இருக்கு' என்பது என் கட்சி. செல்போன் வாங்கினாலும் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துத் தொங்கவிட்டு, எது அதிகம் இழுக்கிறதோ அதையே எடுப்பேன். இப்போது என்னிடம் உள்ள போனைச் சட்டைப்பையில் வைத்தால் சட்டை மட்டும் அரை அடி முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அது ஒருமுறை கைதவறி விழுந்தபோது தரைக்குத்தான் கட்டுப்போட வேண்டியிருந்தது.

3. இதே முறையில் மூன்றாண்டுக்கு முன் என் அக்கா மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். அவள் வீடு வீடாகப் போய், வெளியே வர முடியாதவர்களுக்குக் காது கேட்கும் அளவைச் சோதித்துக் கருவி பொருத்தும் வேலை செய்பவள். சோதனைப் பெட்டி ஒரு தோளில், மடிக்கணினி மறு தோளில். நான் கொடுத்தது கடையிலேயே அதிக கனமானது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஏறியது இருபது பேரா என்று. அதை முடுக்கினால் உள்ளே விசிறி சுழலும் இரைச்சலில், காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் கேட்காமல் போகும். இத்தனைக்கும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மாமா ஆசையாகக் கொடுத்தது என்று சுமந்தாள். வலது தோள் இறங்கிப்போனதை நான் பார்த்தேன். நடையில் ஒரு கம்பீரம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4. அந்தக் கணினி சென்ற மாதம் மண்டையைப் போட்டது. புதியது வாங்க மேற்படி கடைக்குக் கொக்கித் தராசோடு போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம், "இந்தக் கடையிலேயே கனமான லேப்டாப் எது, அதை எடும்மா" என்றேன். மற்ற கடைகளில் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள், அல்லது விலை அதிகமானதை எடுத்து நீட்டுவார்கள். இந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை.

"சார், இதை யார் தூக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

என் அக்கா மகள் என்றேன். உட்கார்ந்து பார்க்கும் வேலையா, அலையும் வேலையா என்றார். அலையும் வேலை என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுவாங்க?" என்றார். ஐயா, சந்திரனின் எடை என்ன என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருப்பேன். இதற்கு என்னிடம் புளுகுகூட இல்லை.

"போன் போட்டுக் கேளுங்க சார்" என்றார். போட்டேன். மறுமுனையில் துருத்தி ஊதுவதுபோல் மூச்சுச் சத்தம். "மாமா, சீக்கிரம் சொல்லு. நாலாவது மாடியில நிக்கிறேன், லிப்ட் இல்ல. இது ஏழாவது வீடு, இன்னும் நாலு இருக்கு."

அந்தப் பெண் உடனே ஒரு பையில் நான் கேட்ட கனத்த கணினியைப் போட்டு, சார்ஜரையும் சோதனைப் பெட்டிக்குப் பதிலாக ஓர் ஒலிபெருக்கியையும் சேர்த்து என் தோளில் மாட்டிவிட்டார். "மேல ரெண்டாவது மாடியில டிவி செக்‌ஷன் இருக்கு. மூணு தடவை ஏறி இறங்கிட்டு வாங்க சார். அப்பவும் இதான் வேணும்னா பில் போட்டுடலாம்."

முதல் தடவை சிங்கம்போல் ஏறினேன். இரண்டாம் தடவை, அங்கிருந்த நாற்பது டிவியும் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. மூன்றாம் தடவை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு தலைமுறை மூதாதையரும் வரிசையாக வந்து, 'இன்னும் கொஞ்ச தூரம்தான் தம்பி' என்று கைகாட்டினார்கள். தண்ணீர் கொண்டுவந்தது அந்தப் பெண்தான்.

பிறகு அவர் நிதானமாக வேலையைத் தொடங்கினார். அக்கா மகளின் சோதனைப் பெட்டியின் ஒயர் எந்த மாதிரி முனை கொண்டது, அது கணினியில் நேராகச் சேருமா, காலையில் சார்ஜ் ஏற்றினால் பதினொரு வீடு முடியும்வரை தாங்குமா, ஜன்னலோர வெளிச்சத்தில் திரை தெரியுமா என்று மறுபடியும் போன்போட்டு அவளிடமே கேட்டார். கடைசியில் எடுத்துக்கொடுத்தது, நான் கேட்டதைவிட விலையும் குறைவு, கனமும் குறைவு. ஒரு கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே வைக்காமல் மூடிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருந்தது. "மாமா, அந்தப் பொண்ணு சொல்றதையே வாங்கு. உன் தராசைப் பைக்குள்ள வை" என்று போனில் உத்தரவு வந்ததால் வாங்கினேன். திரும்பி வரும்வரை காற்றில் பறந்துவிடக்கூடாதென்று இரு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

5. என் கடைக்கு வந்து மேசைத் தராசில் வைத்தேன். பெட்டியின் மேல் கணினியின் எடை 1.240 கிலோ என்று அச்சிட்டிருந்தது. என் தராசு காட்டியது 990 கிராம். கால் கிலோ குறைவு! ஐயா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. ஆனந்தம் வந்தது. என்னைப் படியேற்றியவளை நான் தோற்கடித்துவிட்டேன் என்ற ஆனந்தம். அன்று மாலைக்குள் பதினொரு பக்கம் எழுதினேன். அதில் அந்தப் பெண்ணை 'எடைக்கொள்ளைக்காரி' என்று நான்கு இடத்தில் குறிப்பிட்டுள்ளேன். 'என் தராசு பிசகாது, பூமியின் ஈர்ப்பு பிசகியிருந்தால்தான் உண்டு' என்றும் எழுதியுள்ளேன். தங்கள் கோப்பில் ஏழாம் பக்கம்.

6. சென்ற ஞாயிறு அக்கா மகள் என் கடைக்கு வந்தாள். தோளில் கணினி இருந்தது, ஆனால் தோள் நேராக இருந்தது. ஒரு மாதமாக வலி மாத்திரை போடவில்லை என்றும், பதினோராவது வீட்டில்கூட நிதானமாக உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்க முடிகிறது என்றும் சொன்னாள். மூன்றாண்டாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "அந்தக் கடைப் பொண்ணுக்கு நேர்ல போய் ஒரு நன்றி சொல்லணும் மாமா" என்றாள்.

"நன்றியா? கால் கிலோ அமுக்கிட்டா அவ. வா, காட்டுறேன்" என்று கணினியை மேசைத் தராசில் வைத்தேன். அதே 990.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தாள். "இதை எப்ப சோதிச்ச?"

"யாரைப் பாத்து என்ன கேக்குற? ஊர்த் தராசெல்லாம் என்கிட்டதான் வந்து நிமிருது."

"ஊர்த் தராசு சரி மாமா. இதை எப்ப சோதிச்ச? நான் தினமும் முதல் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி என் மெஷினை என் காதுலயே வச்சுச் சோதிக்கிறேன். இல்லேன்னா நல்ல காதையும் செவிடுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்."

அருகே இருந்த, அரசு முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து அவளே தட்டில் வைத்தாள். 798 என்று காட்டியது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன், 798தான். தட்டைத் தூக்கினாள். அடியில் நாலாக மடித்த ஓர் அட்டை, தட்டுக்கும் உடலுக்கும் நடுவே, ஐந்தில் ஒரு பங்கு பாரத்தைத் தன் தலையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேருந்து போகும்போதெல்லாம் தட்டு கடகடவென்று ஆடுகிறதே என்று சில மாதம் முன்பு நானே செருகியது. பிரித்துப் பார்த்தால், பழைய கணினியின் உத்தரவாத அட்டை. அதைத் தேடாத இடமில்லை. அட்டையை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தோம். 1.240. ஒரு கிராம் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை.

வாடிக்கையாளர் தராசுகளை நான் முத்திரைக் கற்களால் மட்டுமே சோதித்துத் தருகிறேன், அவற்றில் பிசகில்லை. வேண்டுமானால் தாங்கள் அத்தனையையும் வரவழைத்துப் பார்க்கலாம். பிசகியது என் சொந்த மேசைத் தராசு ஒன்றுதான். அதை ஒன்பது ஆண்டாக நான் சோதித்ததில்லை. என்னுடையதாயிற்றே, எதற்குச் சோதிப்பது என்ற எண்ணம்.

7. மறுநாள் நன்றியும் மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல அந்தக் கடைக்குப் போனேன். கவுண்டரில் அந்தப் பெண் இல்லை. அங்கிருந்த விற்பனையாளர், "அவங்களைக் குடோனுக்கு மாத்திட்டாங்க. யாரோ ஒரு கிழம் புகார் குடுத்துடுச்சு" என்றார். அந்தக் கிழம் நான்தான் என்பதை அவருக்குத் தெரிவித்தேன். கடை முதலாளியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். "நீங்க வாயால சொல்றது எனக்குப் பத்தாதுங்க. ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. வர்ற திங்கட்கிழமை விசாரணையில புகார் உண்மைன்னு ஆச்சுன்னா அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தறதைத் தவிர எனக்கு வழியில்ல. இல்லைன்னு ஆபீஸ் எழுத்துல குடுத்தா அன்னிக்கே கவுண்டர்ல உக்கார வைக்கிறேன்" என்றார். அந்தப் பெண்ணின் வேலை இப்போது தங்கள் பேனா முனையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

8. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்தருளுமாறு பணிந்து வேண்டுகிறேன்:

(அ) பார்வை 1-இல் கண்ட என் புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

(ஆ) விற்பனைப் பெண்மீது எவ்விதக் குற்றமும் இல்லை என்று கடை முதலாளிக்குத் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'எடைக்கொள்ளைக்காரி' என்ற சொல்லைக் கோப்பின் நான்கு இடத்திலும் அடித்துவிட வேண்டும். சிவப்பு மை என் செலவு.

(இ) சோதிக்காத தராசை வைத்து ஒருவர்மீது புகார் எழுதியதற்காக என்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். என் பழுதுபார்ப்பு உரிமம் அடுத்த மாதம் தங்களிடம்தான் புதுப்பிப்புக்கு வருகிறது என்பதை நான் மறக்கவில்லை. அதைத் தாங்கள் நிறுத்திவைத்தாலும் நாற்பத்திரண்டாவது மனு எழுத மாட்டேன். இதுவே நாற்பத்திரண்டாவது என்பதால், நாற்பத்து மூன்றாவது என்று திருத்தி வாசிக்கவும்.

திங்கட்கிழமை காலை மேசைத் தராசையும் முத்திரைக் கல்லையும் மடித்த அட்டையையும் தூக்கிக்கொண்டு தங்கள் இரண்டாம் தளத்துக்கு நானே ஏறி வருகிறேன்.

இம்மனுவில் டிவிகள் படத்தை நிறுத்தியது, மூதாதையர் கைகாட்டியது, பேருந்து ஓட்டுநர் திரும்பிப் பார்த்தது முதலியவற்றைத் தாங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன் என்பதை என் அக்கா சாட்சிக் கையெழுத்திட்டுத் தரத் தயாராக இருக்கிறாள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல ஒன்று உண்டு. முதலாளியைப் பார்த்தபின் பின்பக்கத்துக் குடோனுக்குப் போனேன். அந்தப் பெண் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புகார் கொடுத்தவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். நான் வாசலிலேயே நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியின் மேலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்து, "உக்காருங்க சார். அவங்க தோள் இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்.

இது மட்டும் உண்மை, ஐயா.

இங்ஙனம்,
தங்கள் நடவடிக்கைக்கு நன்றியோடு காத்திருக்கும்,
(கையொப்பம்)
தராசு பழுதுபார்ப்பவன்

இடம்: என் கடை, அட்டை எடுக்கப்பட்ட மேசைத் தராசின் அருகில்
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

இணைப்பு: நாலாக மடித்த உத்தரவாத அட்டையின் நகல் ஒன்று. (அசல் நேரில்.)