மூன்று படி இருந்த வாசல்

மதுவுக்கு அம்மா எழுதுவது,

நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன். நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன், ஆனால் வீடியோவில் தெரிகிற நலத்தை நான் பாதிதான் நம்புவது வழக்கம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, கேட்டால் ரூமில் வெளிச்சம் சரியில்லை என்பாய். போனில் நாம் இருவரும் சாப்பாட்டையும் மழையையும் தாண்டிப் பேசுவதில்லை. அதனால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன், ஹாலிஃபாக்ஸ் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள், ஆகட்டும். ஒரு விஷயத்தில் நான் தவறு செய்தேன், அது உன் பெயரைப் பற்றியது, போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உடுமலையிலிருந்து மாமா பேசினார். தென்னந்தோப்பில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லையாம். அவர் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, பத்திரிகையில் உன் பெயரையும் போடுவதாகச் சொன்னார், போடுங்கள் என்றேன், வருவாளா என்று கேட்டார், லீவு கிடைப்பது கஷ்டம் என்று உன்னைக் கேட்காமல் நானாகவே சொல்லிவிட்டேன். பனியன் கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது. அமெரிக்காக்காரர்கள் வரியை ஏற்றிய பிறகு பாதி ஆர்டர் நிற்கிறது, எங்கள் குவாலிட்டி செக்‌ஷனில் பதினொரு பேர் இருந்தோம், இப்போது ஆறு பேர். ஆறு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், சனிக்கிழமையும் லீவு. ஓய்வு கிடைக்காதா என்று இருபது வருஷம் நினைத்தேன், கிடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராக்கினேன், அதிலும் மிஞ்சுகிறது.

இந்த ஓய்வில்தான் பேரூராட்சியின் வார்டு வாட்ஸ்அப் குரூப்பைப் படிக்க ஆரம்பித்தேன். தெருவிளக்கு மாற்றப்பட்டது, சாக்கடை தூர் வாரப்பட்டது, குழி மூடப்பட்டது, பணி நிறைவு என்று தினமும் ஒரு படம் போடுகிறார்கள். நம்பலாமா என்று உட்கார்ந்து பார்ப்பேன். ஒரே குழியின் படத்தை இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டதைக் கண்டுபிடித்தேன், இரண்டிலும் ஓரத்தில் அதே நாய் அதே பக்கமாகப் படுத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யாரும் இல்லை என்பதும் உண்மை. போன மாதம் அதே குரூப்பில், நம் வீதிக்குப் புது ரோடு போடப்போவதாகச் செய்தி வந்தது. எல்லோரும் கை கூப்புகிற பொம்மையை அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை, காரணம் அதே வீதியில் இருக்கிற உன் பழைய பள்ளி.

போன ஐப்பசியில் பள்ளிக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும், படம் அனுப்பியிருந்தேன். பெஞ்சுக் கால் மூழ்கி ஒன்பது நாள் வகுப்பு நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுகிறார்கள், வீதி உயர்ந்துகொண்டே போகிறது, பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த முறையும் மேலேயே போட்டால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும். இன்னொரு முறை தண்ணீர் புகுந்தால் பிள்ளைகளை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று பார்வையிட வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். எழுபத்தோரு பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அப்பா அம்மா இருவரும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள், லாரி ஓடுகிற அந்த ரோட்டை ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தாண்ட வைப்பது யார்? மாற்றினால் பாதிப் பேர் பள்ளிக்கே போகமாட்டார்கள், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இப்போது மஹ்னூர் தலைவி. உன்னோடு ஐந்தாவது வரை படித்த இலியாசின் அக்கா, நெருப்பெரிச்சலில் டெய்லராக இருக்கிறாள், அவள் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படிக்கிறார்கள். ஒரு சாயங்காலம் வந்து, "ஏனுங்க்கா, நீங்க படிச்சவங்க, சனிக்கெழம ஸ்கூல்ல கூட்டம், ரோடு இன்ஜினியரும் வர்றாரு, நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசோணும், நாங்க பேச ஆரம்பிச்சாலே டீயக் குடுத்து அனுப்பிப்போடறாங்க" என்றாள். இதனால் ஒன்றும் நடக்காது என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "நடக்காட்டிப் போகட்டுங்க்கா, ஊட்ல சும்மா உக்காந்திருந்தாலுந்தான் நடக்காது" என்றாள். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லி ரொம்ப நாளாயிற்று. உன் அப்பா இருந்தவரை கூட்டம் என்றால் அவர்தான் போவார், நான் வீட்டிலிருந்து குறை சொல்வேன்.

போனேன். போவதற்கு முன் கம்பெனி இஞ்ச் டேப்பால் பள்ளி கேட்டின் அடியிலிருந்து ரோட்டின் மேல்மட்டம் வரை அளந்து எழுதிக்கொண்டேன், பதினான்கு அங்குலம். ஐந்தாம் வகுப்பு அறையில் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். இன்ஜினியர் நல்லவராகத்தான் தெரிந்தார், சின்ன வயது. ரோட்டு மட்டம் எப்போதும் இருந்தபடிதான் இருக்கிறது, பள்ளியைத்தான் அந்தக் காலத்தில் பள்ளத்தில் கட்டிவிட்டார்கள் என்றார். நான் எழுந்து என் அளவைச் சொன்னேன். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு அவர், "மேடம், அது பனியன் அளக்கற டேப்புங்க, ரோட்டுக்கு வேற மெசின் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மஹ்னூர்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ரோடு உயர்ந்தது என்று காட்ட இன்றைய அளவு மட்டும் இருந்தால் போதாது, பழைய அளவும் வேண்டும். எழுந்து நாலு வீடு தள்ளியிருக்கிற நம் வீட்டுக்கு நடந்தேன், ஹாலில் ஆணியில் மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நீ முதல் நாள் பள்ளிக்குப் போகும்போது அப்பா எடுத்த படம். நம் வாசல், மூன்று படி, மேல் படியில் நீ, ஒரு சாக்ஸ் இறங்கியிருக்கிறது, அழுது முடித்த முகம், கீழே ரோடு. கவுன்சிலர் ஆத்தப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏனுங் அம்மிணி, இப்ப உங்கூட்டு வாசல்ல எத்தன படி?" ஒன்று என்றேன். "மிச்ச ரெண்டும் எங்க போச்சுங்க தம்பி, களவு போயிருச்சா?" என்று இன்ஜினியரைக் கேட்டார். அவர் படத்தைக் கையில் வாங்கித் தானும் ஒரு முறை எண்ணினார், பிறகு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், ஆனால் குழுவிலிருந்து தீர்மானம் போட்டு எழுத்தில் கொடுங்கள், அது இல்லாமல் மேலதிகாரிகளிடம் கேட்க முடியாது என்றார். அவ்வளவுதான், நான் போன காரியம் முடிந்தது. அதன் பிறகுதான் படம் கை மாறிக்கொண்டே போனது. படியை யாரும் பார்க்கவில்லை. பாப்பா அப்படியே உங்க மொகம் என்றார்கள், இல்லை அப்பா மூக்கு என்றார்கள், இந்தப் பள்ளியில் படித்த பிள்ளையா என்று ஒருத்தி கேட்டாள். அரசுப் பள்ளியில் போய் உன்னைச் சேர்த்ததற்கு மாமா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்த அறையில் உன்னைப் பற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள் மது, நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை விஜயகுமாரி அப்போது ஒரு சிக்கலைச் சொன்னார். குழுவில் முன்னாள் மாணவர்கள் நாலு பேர் இருக்க வேண்டும், ஒருவர் ஓசூருக்கு மாறிப் போய்விட்டார், இடம் காலி. குழு முழுதாக இல்லாமல் தீர்மானம் அனுப்பினால் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள், உள்ளூரில் இருக்கிற முன்னாள் மாணவர் ஒருவர் பெயர் உடனே வேண்டும். மஹ்னூர் தன் தம்பிக்குப் போன் போட்டாள், அவன் கம்பெனி வேன் ஓட்டுகிறான், எடுக்கவில்லை. விஜயகுமாரி என் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு ஊர்லதானுங்களே இருக்குது?" என்று கேட்டார். நான், "ஆமாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்காக என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அந்த நிமிஷம் பள்ளி என் நினைவிலேயே இல்லை. அவர் எழுதினார், மதுமதி, முன்னாள் மாணவி. கூட்டம் முடிந்து படத்தை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பூட்டைத் திறப்பதற்கு முன் ஜன்னலில் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னதற்கு அவ்வளவு பலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசும்போது இதைச் சொல்ல நினைத்தேன், குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். பணி நிறைவு என்று பொய்ப் படம் போடுகிறவர்களை எவ்வளவு ஏளனமாக நினைத்திருக்கிறேன், அவர்கள் மறைத்தது பதினான்கு அங்குலம், நான் மறைத்தது ஒரு சமுத்திரம். அதைவிட, பொய்ப் பெயர் என்று யாராவது எழுதிப் போட்டால் தீர்மானமே செல்லாமல் போகும், எழுபத்தோரு பிள்ளைகள் என் ஒரு வார்த்தைக்காக அந்த ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். என் மகள் ஊரில் இல்லை, கனடாவில் இருக்கிறாள், மூன்று வருஷமாயிற்று, நான் தெரிந்தே தவறாகச் சொன்னேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். விஜயகுமாரி என்னை உட்காரச் சொன்னார். "தெரியுமுங்க. உங்க வாட்ஸ்அப் படத்துல பாப்பா பனியிலதான நிக்குது" என்றார். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டது என் தப்புங்க, படத்தப் பாத்துட்டே மறந்தாப்புலக் கேட்டுப்போட்டேன். நீங்க ஆமாங்கன்னதுக்கப்பறம் இல்லைன்னு சொல்ல அங்க யாருக்கும் மனசு வர்லீங்க. நீங்களே வருவீங்கன்னு பென்சில்லதான் எழுதி வெச்சிருக்கறேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். பிறகு ஒரு பிள்ளையின் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். நான்தான் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. சற்று நேரத்தில், அக்கா சொல்லி அனுப்பிய இலியாஸ் வேனை வாசலில் ஓடவிட்டபடியே இறங்கி வந்து அந்தத் தடத்தின் மேலேயே பேனாவால் பெயரும் கையெழுத்தும் போட்டான். "மதுகிட்டச் சொல்லுங்க ஆன்ட்டி, மூணாவதுல என் சீட்டப் புடிச்சு ஒரு வருசம் குடுக்கல, இப்ப அவ சீட்ட நான் புடிச்சுட்டேன்" என்றான். சொல்லிவிட்டேன்.

தீர்மானம் போனது, நான்தான் எழுதிக்கொடுத்தேன், இரண்டு பக்கம், படத்தின் நகலையும் இணைத்தோம். இந்த வருஷம் பள்ளியை மாற்றப்போவதில்லை என்று கடிதம் வந்திருக்கிறது, அடுத்த வருஷம் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்பதையும் கவனித்தேன். போன வாரம் சுரண்டுகிற மெஷின் வந்தது. நீ கனடா போன மாதம் போட்டார்களே, அந்த ஒரு அடுக்கைத்தான் எடுத்தார்கள், அதற்கும் கீழே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. பள்ளி கேட்டில் அளந்தேன், பதினான்கு அங்குலம் எட்டாகியிருக்கிறது, அதன் மேல் மெல்லியதாக ஒன்று போட்டு ஓரத்தில் சாக்கடையையும் சரி செய்திருக்கிறார்கள். ஐப்பசி மழை வந்தால்தான் தெரியும். மஹ்னூர் வீதிப் பெண்களோடு போய் இன்ஜினியருக்கே டீ கொடுத்துவிட்டு வந்தாளாம்.

நம் வாசலில் மெஷின் போக முடியாத ஓரத்தை இரண்டு ஆட்கள் கடப்பாரையால் உடைத்தார்கள், இரண்டாவது படி வெளியே வந்தது, விளிம்பு உடைந்து தார் அப்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க மண்ணெண்ணெயும் பழைய பனியன் துணியும் வைத்துத் தேய்த்தேன், வேறு வேலையும் இல்லை. சாயங்காலம் குரூப்பில் பணி நிறைவு என்று நம் வீதியின் படத்தைப் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், இந்த முறை நாய் இல்லை, ஓரத்தில் நம் வாசலில் ஒரு பெண் குனிந்து படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், முடி இவ்வளவு நரைத்துவிட்டதா என்று அப்போதுதான் பார்த்தேன்.

எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதில்லை, கேட்டால் நீ ஒரு தேதி சொல்ல வேண்டியிருக்கும், பிறகு அதை மாற்ற வேண்டியிருக்கும். ரொட்டியையே தின்று காலம் தள்ளாதே, வாரத்தில் நாலு நாளாவது சோறு வை. வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதே. மாமா மகளுக்கு நீயே ஒரு போன் செய்து வாழ்த்திவிடு. சிவன்மலை முருகன் உனக்குத் துணையிருப்பான் என்று உன் அப்பா எழுதுவார், அவருக்காக நானும் எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கட்டும், நீ நினைப்பது நடக்கட்டும், அது எந்த ஊரில் நடந்தாலும் சரி.

ஒன்று மட்டும் மறக்காதே. போன முறை நீ வந்தபோது, இரண்டு படி என்கிற பழைய நினைப்பில் இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்துப் பெட்டியோடு தடுமாறி விழப் பார்த்தாய். இப்போது இரண்டு இருக்கிறது. பார்த்து ஏறி வா.

உன் அம்மா
ஜெயசுதா