மரத்துக்கு வாசித்தவர்கள்

புஜைரா,
16-6-2006

மரியாதைக்குரிய மச்சான் அம்மையப்பன் அவர்களுக்கு, நாகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். உங்கள் நலத்தைக் கேட்கத் தேவையில்லை. புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் அமர்க்களப்பட்டதாக உங்கள் தங்கை பானுமதி எழுதியிருந்தாள்.

ஏசி கிடங்கில் வேலை என்று எங்களை அனுப்பினீர்கள். இங்கே காலி எண்ணெய் டேங்குக்குள் இறங்கிக் கசடு சுரண்டுகிறோம். போன மாதம் எங்களோடு வந்த அருள்முருகன் உள்ளேயே மயங்கி விழுந்தான். பிழைத்துவிட்டான், இருமல்தான் நிற்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, டியூட்டி இல்லை. கேம்ப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அகமது கபீர் பாய் ஒரு பழைய பத்திரிகையை எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கா பக்கம் போய் இறங்கிய ஸ்பெயின்காரன் கையில் ஒரு அறிக்கை வைத்திருப்பானாம். உலகத்தைப் படைத்தவர் கர்த்தர், அவருடைய ஆள் போப்பாண்டவர், இந்த நாட்டை அவர் எங்கள் ராஜாவுக்குக் கொடுத்துவிட்டார். பணியாவிட்டால் பெண்டு பிள்ளைகளோடு அடிமையாக்குவோம், செத்தால் பழி உங்களுடையது என்று வாசிப்பானாம். அதுவும் அவன் பாஷையில்! சில சமயம் கப்பலில் நின்றபடியே, சில சமயம் ஆளே இல்லாமல் மரத்தைப் பார்த்து. வாசித்தாகிவிட்டது என்று எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா வேறு. அப்புறம் வெட்டு, கொள்ளை. தூ! கர்த்தரைத் தரகராக்கிய பயல்கள்.

மரத்துக்கா வாசித்தான் மடையன் என்று நான்தான் பெரிதாகச் சிரித்தேன். அருள்முருகன் சிரிக்கவில்லை. அண்ணே, கருப்பன் கோயில்ல அம்மையப்பண்ணன் இங்கிலீஷ்ல அக்ரிமெண்ட் வாசிச்சப்ப நாமளும் மரமாத்தானே நின்னோம் என்றான்.

ஸ்பெயின்காரனாவது மரத்திடம் சத்தியம் கேட்கவில்லை. நீங்கள் கற்பூரம் ஏற்றி, வேலையைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல மாட்டோம் என்று சத்தியமும் வாங்கினீர்கள். எவ்வளவு பக்தி! அருள்முருகன் விழுந்த மறுநாள் லேபர் ஆபீஸ்காரர் ரூமுக்கே வந்து, என்ன நடந்தது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டார். கருப்பனுக்குப் பயந்து எல்லோரும் தரையைப் பார்த்தோம். படுத்துக் கிடந்தவனே, சப் அச்சா ஹை பாய், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு இருமினான். அவர் போய்விட்டார். மறுநாள் ஃபோர்மேன் யல்லா, கிளம்பு என்றான், டேங்குக்குள் இறங்கினோம்.

கருப்பனுக்கு இதெல்லாம் தெரியுமா? எங்களை அனுப்பி வாங்கிய கமிஷனில் அவருக்கு ஒரு சுருட்டாவது வாங்கி வைத்தீர்களா?

நாளைக் காலை நானே லேபர் ஆபீசுக்குப் போகிறேன். சாமி கண்ணைக் குத்தினால் என் கண்ணைக் குத்தட்டும்.

அடுத்த விமானத்தில் என் தம்பி மணிமாறனை ஏற்றப்போகிறீர்களாம். வேண்டாம் மச்சான். அவன் என்னைவிடச் சாமிக்குப் பயந்தவன். சத்தியம் செய்துவிட்டால் டேங்குக்குள் மூச்சு முட்டினாலும் கத்த மாட்டான். உங்களை எவ்வளவு கேவலமாக நினைக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது உங்கள் காலில் விழுகிறேன். அவனை அனுப்பாதீர்கள். அனுப்பியே தீர்வீர்கள் என்றால் கற்பூரம் மட்டும் ஏற்றாதீர்கள். பிள்ளை வாயோடு வந்து சேரட்டும்.

உங்கள் தங்கையின் தாலிக்கு உரிய,
நாகலிங்கம்