சூப்பர்வைசர் வீட்டு மாடு தின்ற வெண்டைக்காய்

தக்காளிச் செடியில் பக்கக் கிளை ஒடித்துவிட்டுக் கையை முகர்ந்தேன். உங்கள் ஞாபகம் வந்தது. செத்துப்போன புருஷனை நினைத்தால் கண் கலங்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

மத்திகிரியில் நம் வாடகை வீட்டுக்குப் பின்னால் கையகல இடம். எண்பதுகளின் அந்தக் கோடையில் வெண்டையும் கத்திரியும் தக்காளியும் போட்டோம். விதை ஊன்றியதோடு உங்கள் விவசாயம் முடிந்தது. அரிசி கழுவிய தண்ணீர், பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் சேர்த்து ஊற்றியதும், மே மாத வெயிலுக்குச் சாக்குக் கட்டி நிழல் கொடுத்ததும் நான். ஷிப்ட் முடிந்து வந்து, இடுப்பில் கை வைத்து, "நம்ம தோட்டம் எப்பிடி?" என்பீர்கள். பெரிய மிராசுதார்!

காய் நம் சட்டிக்கு வந்ததா? ஞாயிறு தவறாமல் பிஞ்சாகப் பறித்து, சைக்கிளில் மாட்டி, ஓசூரில் சூப்பர்வைசர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூழைக் கும்பிடு போட்டீர்கள். "அவரு மனசு வெச்சா பர்மனென்ட் ஆயிருவேன், பொறுத்துக்கோ." கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். பிள்ளை வெண்டைக்காய் கேட்டு அழுதான்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஒயர் கூடையோடு நான் பஸ் ஏறினேன். அந்த வீட்டு வராந்தாவில் காய் குவிந்து கிடந்தது. உங்களைப் போல எத்தனை பேரோ! சூப்பர்வைசர் மனைவி என் கூடையைத் தொடவில்லை. எனக்குப் புரியாது என்று நினைத்து, வேலைக்காரியிடம் கன்னடத்தில் "ஹசுகே ஹாக்கு" என்றாள். மாட்டுக்குப் போடு என்கிறாள். மத்திகிரிக்காரிக்கா கன்னடம் தெரியாது? என் கண்ணெதிரே மாடு மென்றது.

அழுதுகொண்டே வந்து சொன்னேன். நீங்கள் போர்வையை விலக்கிக் கேட்டீர்கள்: "அதனால என்னா? அவங்க மாடுதானே தின்னுது?"

இப்படியும் ஒரு மனிதன்! அந்த மாதமே கம்பெனியில் உங்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் வெட்கமில்லாமல் கூடையை எடுத்தீர்கள். "திரும்பக் கூப்பிடுவாரு" என்றீர்கள். நான் பிடுங்கிக்கொண்டு போய் அத்தனையையும் வதக்கிப் பிள்ளைக்கு வைத்தேன். நீங்களும் தட்டோடு வந்து உட்கார்ந்தீர்கள். "நல்லாருக்குது, இன்னும் வையி" என்றீர்கள். வைத்துத் தொலைத்தேன்.

அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. உங்கள் திதிக்கு வடை, பாயசம் எல்லாம் படைக்கிறேன். தோட்டத்தில் வெண்டைக்காய் தொங்கினாலும் அது மட்டும் கிடையாது. காக்கை வந்து இலையைக் கிளறித் தேடும். தேடட்டும்.